லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? சோதனைக்கூடத்தின் கணக்கும் எங்கள் வீதியின் கணக்கும்

"லீற்றருக்கு 30 ஓடும் அண்ணை. ஏசி போட்டாலும் 28க்குக் குறையாது."

2019 ஆம் ஆண்டு கொழும்புக்கு வெளியே ஒரு வாகன விற்பனை நிலையத்தில் என்னுடைய அத்தானுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. அவர் யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடுபவர். பழைய வானை விற்று, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினார். அதன் பின் கண்ணாடியில் ஜப்பானிய எழுத்தில் பச்சை நிற ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் '20 வீதம்' என்று ஏதோ இருந்தது. "எரிபொருள் சிக்கனத்துக்கு அரசாங்கம் குடுத்த சான்றிதழ்" என்று அதையும் காட்டினார்கள். அத்தான் இன்றுவரை அந்த ஸ்ரிக்கரை உரிக்கவில்லை.

அவருடைய தொழிலில் அந்த 30 என்ற இலக்கம் வெறும் பெருமைப் பேச்சு அல்ல. மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு லீற்றருக்கு 30 என்றால் 100 லீற்றர் பெற்றோல் போதும். 20 என்றால் 150 லீற்றர் வேண்டும். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், இடையில் உள்ள வித்தியாசம் மாதம் 15,000 ரூபா. லீசிங் தவணையை எப்படிக் கட்டுவது, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஹயர் எவ்வளவு கேட்பது என்ற இரண்டு கணக்குகளையும் அவர் அந்த 30ஐ வைத்தே போட்டிருந்தார்.

அந்தக் கணக்கு பிழை என்று அவருக்குச் சந்தேகம் வந்தது முதல் மாதத்திலேயே. நிச்சயமாகத் தெரிய வந்தது 2022 இல்தான்.

கியூஆர் காலம் கற்றுத் தந்தது

2022 ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. அதற்கடுத்த மாதம் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கு ஒதுக்கினார்கள். காசு இருந்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. 'லீற்றருக்கு எத்தனை?' என்ற கேள்வி இந்த நாட்டில் எல்லோருடைய வாயிலும் வந்தது அப்போதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்த் திரும்ப 700 கிலோமீற்றருக்கு மேல். விற்றவர் சொன்ன கணக்கின்படி ஏறக்குறைய 24 லீற்றரில் முடிய வேண்டிய ஓட்டம். அத்தானுக்கு 35 லீற்றருக்கு மேல் தேவைப்பட்டது. அதாவது இரண்டு கிழமைப் பங்கைச் சேர்த்தால்தான் ஒரு விமான நிலைய ஓட்டம்.

அந்த நாட்களில்தான் அவர் ஒரு கொப்பியை காரில் வைத்து எழுதத் தொடங்கினார். அதற்கு முன்னர் எங்களில் பெரும்பாலானவர்களைப் போல அவரும் "இரண்டாயிரத்துக்கு அடியுங்கோ" என்றுதான் பெற்றோல் செட்டில் சொல்லுவார். ரூபாக் கணக்கில் அடிக்கிறவருக்குத் தன்னுடைய வாகனம் எத்தனை லீற்றர் குடிக்கிறது என்று ஒருநாளும் தெரியவராது. பங்கு முறைதான் அவரை லீற்றர் கணக்குக்குக் கொண்டுவந்தது.

இந்த வருடம் அந்தக் கொப்பியை வாங்கி, இரண்டு மாதம் அவரோடு சேர்ந்து நானும் கணக்கெடுத்தேன். தாங்கியை நிரப்பி ஓடோமீற்றரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லீற்றர் போனது என்று பார்த்து வகுப்பதுதான் முறை. ஏ9 வீதியில் நீண்ட ஓட்டங்களில் லீற்றருக்கு 20 முதல் 21 வந்தது. யாழ்ப்பாண நகருக்குள், பகல் வெயிலில் ஏசியோடு ஓடியபோது 17. காரின் டாஷ்போர்ட் திரை இரண்டு சந்தர்ப்பங்களிலும் கொஞ்சம் கூட்டியே காட்டியது.

"அப்ப அவங்கள் பொய்தானே சொன்னவங்கள், தம்பி?" என்று அத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே கார், மூன்று இலக்கங்கள்

எங்கள் வீதிகளில் நிறையக் காணப்படும் ரொயோட்டா அக்வாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தபோது அதற்கு இரண்டு உத்தியோகபூர்வ இலக்கங்கள் இருந்தன. '10-15' என்ற பழைய சோதனை முறையில் லீற்றருக்கு 40.0 கிலோமீற்றர். 'ஜேசி08' என்ற புதிய சோதனை முறையில் 35.4 கிலோமீற்றர். அதே கார் அமெரிக்காவில் 'பிரியஸ் சி' என்ற பெயரில் விற்கப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் முறையில் அதற்குக் கிடைத்தது கலனுக்கு 50 மைல். அதை எங்கள் அளவுக்கு மாற்றினால் லீற்றருக்கு ஏறக்குறைய 21 கிலோமீற்றர்.

ஒரே நிறுவனம், ஒரே இயந்திரம். 1,000 கிலோமீற்றர் ஓட முதல் கணக்கில் 25 லீற்றர், இரண்டாவதில் 28 லீற்றர், மூன்றாவதில் 47 லீற்றர். இதில் எதுவும் களவாகப் போட்ட கணக்கு அல்ல. மூன்றும் அந்தந்த நாட்டு விதிகளின்படி அளக்கப்பட்டவை. விதிகள் வேறு என்பதால் விடையும் வேறு.

சோதனை நடப்பது வீதியில் அல்ல. ஓர் அறைக்குள் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, திரையில் தெரியும் வேகக் கோட்டைப் பின்பற்றி ஒரு சாரதி ஓட்டுவார். ஜேசி08 சோதனை 1,204 செக்கன்கள் நீடிக்கும். அதாவது 20 நிமிடம். அதில் கார் 'ஓடும்' தூரம் எட்டுக் கிலோமீற்றர் சொச்சம். சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், உச்ச வேகம் 81.6. நேரத்தில் ஏறக்குறைய 30 வீதம் கார் நின்றுகொண்டிருக்கும். நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிடும் ஹைபிரிட் காருக்கு இதைவிட வசதியான பரீட்சை கிடையாது. ஏசி போடுவதில்லை. காரின் எடையோடு 110 கிலோ சேர்ப்பார்கள். தலா 55 கிலோ கொண்ட இரண்டு பேர் என்று கணக்கு.

அத்தானின் விமான நிலைய ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர், அவரைக் கூட்டிவரப் போன குடும்பத்தார் இரண்டு பேர், சாரதி, பின்னால் அடைத்து வைத்த சூட்கேஸ்கள். அநுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் மத்தியான வெயில். ஏசியை நிறுத்தச் சொன்னால் யாரும் அடுத்த முறை அவருடைய காரில் ஏறமாட்டார்கள். நகருக்குள் நிலைமை இன்னும் மோசம். ஹைபிரிட் காரில் சிக்னலில் நிற்கும்போது இயந்திரம் நின்றுவிடும். ஆனால் ஏசியின் மின்தேவையால் பற்றரி இறங்க இறங்க, நின்ற இடத்திலேயே இயந்திரம் திரும்பத் திரும்ப உயிர்பெறும். பற்றரிக்கு வயது போகப் போக இது கூடும்.

அமெரிக்க இலக்கம் ஏன் எங்கள் கொப்பிக்குக் கிட்ட வருகிறது? அங்கேயும் முன்னர் இதே பிரச்சினை இருந்தது. இரண்டாம் தலைமுறை பிரியஸுக்கு நகருக்குள் கலனுக்கு 60 மைல் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2008 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, முன்னைய இரண்டு சோதனைகளோடு வேகமாக ஓட்டுதல், 35 பாகை வெப்பத்தில் ஏசியுடன் ஓட்டுதல், கடுங்குளிரில் ஓட்டுதல் என்று மூன்றையும் சேர்த்தார்கள். அதே பிரியஸின் நகர இலக்கம் 60 இலிருந்து 48 ஆகக் குறைந்தது. கார் மாறவில்லை. கேள்வித்தாள்தான் மாறியது.

சட்டத்துக்குள் ஒரு விளையாட்டு

ஐரோப்பாவில் நடந்ததுதான் இந்த விடயத்தின் மிகத் தெளிவான பாடம். அங்கே 'என்ஈடிசி' என்ற சோதனை நீண்ட காலம் இருந்தது. தூய போக்குவரத்துக்கான சர்வதேச சபை என்ற ஆய்வு அமைப்பு, சாரதிகள் உண்மையில் செலவழித்த எரிபொருளையும் உத்தியோகபூர்வ இலக்கத்தையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு வந்தது. 2001 இல் வீதியில் செலவானது அறிவித்ததைவிட ஏறக்குறைய 9 வீதம் அதிகம். 2015 இல் அந்த இடைவெளி ஏறக்குறைய 42 வீதம்.

14 ஆண்டுகளில் ஐரோப்பிய வீதிகள் மாறிவிடவில்லை, சாரதிகளும் திடீரென்று மோசமாகிவிடவில்லை. காபன் வெளியேற்ற வரம்புகளும் வரிகளும் அந்தச் சோதனை இலக்கத்தோடு கட்டப்பட்டபோது, நிறுவனங்கள் வீதிக்காக அல்லாமல் சோதனைக்காகக் கார்களைச் செதுக்கத் தொடங்கின. அனுமதிக்கப்பட்ட சலுகைகள் ஒவ்வொன்றும் கடைசித் துளிவரை பிழியப்பட்டன. தேர்வில் வரும் கேள்விகளை மட்டும் படித்துவிட்டுப் போகும் மாணவனைப் போல.

சிலர் அந்தக் கோட்டையும் தாண்டினார்கள். 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் தங்களுடைய பல மாதிரிகளின் இலக்கங்கள் கூட்டிச் சொல்லப்பட்டவை என்று ஒப்புக்கொண்டு குறைத்தன. 2014 இல் அமெரிக்க அரசுடன் செய்த இணக்கத்தில் 10 கோடி டொலர் அபராதம் கட்டின. 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனம், 625,000 சிறிய கார்களின் சோதனைத் தரவுகளைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. அவற்றில் பெரும்பகுதி நிசானின் பெயரில் விற்கப்பட்டவை. பிழையைக் கண்டுபிடித்ததும் நிசான்தான். காரைத் தானாக உருளவிட்டு, காற்றும் ரயரும் எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பார்கள். அந்தத் தடையைக் குறைத்துக் காட்டினால், உருளைகளின் மேல் நடக்கும் முழுச் சோதனையும் இலகுவாகிவிடும். அதற்கு அடுத்த மாதம் சுசூகியும் விதிக்கு மாறான முறையில் அந்தத் தடையை அளந்ததாக ஒப்புக்கொண்டது. அறிவித்த இலக்கங்களை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னது.

எனவே அத்தானின் கேள்விக்கு என்னுடைய பதில் இது: சோதனை இலக்கம் பெரும்பாலும் பொய் அல்ல. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது ஓர் அளவுகோல். ஆனால் எந்த அறையில், எந்த விதியில் அளந்தது என்று சொல்லாமல் அதை ஒரு வாக்குறுதியாக விற்பது ஏமாற்று.

பச்சை ஸ்ரிக்கரின் கதையும் அப்படித்தான். ஜப்பானிய எழுத்து தெரிந்த ஒரு நண்பருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். ஜப்பான் அரசாங்கம் குறித்த ஆண்டுக்கு என்று வகுத்த எரிபொருள் நியமத்தைவிட அந்த மாதிரி 20 வீதம் மேல் என்பதே அதன் பொருள். லீற்றருக்கு எத்தனை என்று அதில் ஒன்றுமே இல்லை.

கிலோமீற்றர் கணக்கின் மயக்கம்

இன்னொரு விடயமும் எங்களை ஏமாற்றுகிறது. அது யாரும் செய்யும் சூழ்ச்சி அல்ல, கணிதம். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதால், பெரிய இலக்கங்களுக்கிடையிலான வித்தியாசம் பெரிய மிச்சம் போலத் தெரிகிறது. லீற்றருக்கு 25 ஓடும் காரை விட்டு 35 ஓடும் காருக்கு மாறினால், 1,000 கிலோமீற்றருக்கு மிச்சமாவது ஏறக்குறைய 11 லீற்றர். லீற்றருக்கு 10 மட்டும் ஓடும் பழைய வானை விட்டு 12.5 ஓடும் ஒன்றுக்கு மாறினால் மிச்சம் 20 லீற்றர். ஐரோப்பாவில் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று எழுதுவதால் இது உடனே தெரியும். எங்கள் நாட்டின் எரிபொருள் செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் புதிய ஹைபிரிட் கார்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது; பழைய வான்களையும் லொறிகளையும் பஸ்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இப்போது ஏன் இது அவசரம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டு காத்திருந்தவர்கள் வாங்குகிறார்கள். கடன் எடுத்து, காணி விற்று, வெளிநாட்டு உறவுகளிடம் கேட்டு வாங்குகிறார்கள். இப்போது வரும் ஜப்பானியக் கார்கள் 'டபிள்யுஎல்ரிசி' என்ற புதிய முறையில் அளக்கப்பட்டவை. அது ஜேசி08ஐ விட யதார்த்தமானது; நகரம், புறநகர், அதிவேக வீதி என்று மூன்றாகப் பிரித்தும் காட்டுகிறது. ஆனால் உள்ளூர்ச் சந்தையில் கைமாறும் பழைய கார்களுக்கு இருப்பது ஜேசி08 இலக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய கார் புதியதைவிடச் சிக்கனமானது என்று நினைக்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

மின்சாரக் கார்களிலும் இதே கதைதான். 60.48 கிலோவாற்மணி பற்றரி கொண்ட பிவைடி அட்டோ 3 ஒருமுறை ஏற்றினால் ஓடும் தூரம், பழைய ஐரோப்பிய முறையில் 480 கிலோமீற்றர், புதிய முறையில் 420. இடையில் 60 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் தூரம்.

செருகி ஏற்றும் ஹைபிரிட் கார்களின் நிலை எல்லாவற்றிலும் மோசம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் புதிய கார்களுக்குள்ளேயே எரிபொருள் பதிவு மானியைக் கட்டாயமாக்கி, அந்தத் தரவுகளைத் திரட்டுகிறது. ஐரோப்பிய ஆணைக்குழு 2024 மார்ச்சில் வெளியிட்ட முதல் அறிக்கையின்படி, பெற்றோல், டீசல் கார்களின் உண்மைச் செலவு உத்தியோகபூர்வ இலக்கத்தைவிட ஏறக்குறைய 20 வீதம் அதிகம். செருகி ஏற்றும் ஹைபிரிட்களில் அது மூன்றரை மடங்கு. சோதனையில் எதிர்பார்க்கப்பட்ட அளவுக்கு ஆட்கள் அவற்றை மின்சாரத்தில் ஏற்றவில்லை, ஓட்டவில்லை என்பதே காரணம்.

எங்கள் நாட்டில் வாகன வரி பெரும்பாலும் இயந்திரத்தின் கொள்ளளவையும், மின்மோட்டாரின் வலுவையும், வாகனத்தின் வயதையும் பார்த்தே போடப்படுகிறது. அது உண்மையில் எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்பதற்கு அதில் இடமில்லை. மின்குமிழுக்கு நட்சத்திரம் போட்டு விற்கிறோம். வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ வாங்கும் காருக்கு, எங்கள் மொழியில் ஒரு எரிபொருள் முத்திரையை நான் எந்த விற்பனை நிலையத்திலும் கண்டதில்லை.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. முதலாவது, விளம்பரத்திலோ விற்பனை நிலையத்திலோ எரிபொருள் இலக்கம் சொல்கிறவர் அது எந்தச் சோதனையின் இலக்கம் என்று எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு விதி. இரண்டாவது, எங்களுடைய சொந்தத் தரவு. கியூஆர் முறை நடந்த காலத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் எத்தனை லீற்றர் அடித்தார்கள் என்று இலக்கத்தகடு வாரியாக அரசு பதிந்து வைத்தது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஒவ்வோர் ஆண்டும் புகைப் பரிசோதனைக்கு வாகனத்தைக் கொண்டுபோகிறோம். அங்கே ஓடோமீற்றரையும் குறித்து, இரண்டையும் சேர்த்திருந்தால், எந்த மாதிரி எங்கள் வீதியில் எவ்வளவு குடிக்கிறது என்பது கையில் இருந்திருக்கும். உரிமையாளரின் பெயரும் இலக்கத்தகடும் நீக்கப்பட்டு, மாதிரிவாரியான சராசரியாக மட்டும் அது வெளிவர வேண்டும். ஆட்களின் நடமாட்டத்தைக் கண்காணித்த அனுபவம் உள்ள நாட்டில் இந்த நிபந்தனையைச் சொல்லாமல் விட முடியாது.

அதுவரை வாங்குகிறவர் தன்னைத் தானே காக்க வேண்டியதுதான். ஜேசி08 இலக்கம் சொன்னால் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு லீசிங் கணக்குப் போடுங்கள். முடிந்தால் அதே மாதிரியை ஓட்டும் ஹயர் சாரதி ஒருவரிடம் கேளுங்கள். அவருடைய சோறு அந்த இலக்கத்தில் இருக்கிறது. வாங்கிய பிறகு இரண்டு முறையாவது தாங்கியை நிரப்பி அளந்து பாருங்கள்.

அத்தான் இப்போது லீற்றருக்கு 18 என்று வைத்துத்தான் ஹயர் சொல்கிறார். "கூடக் கேக்கிறியள்" என்று சில பேர் வேறு காரைத் தேடிப் போகிறார்களாம். "30 ஓடும் எண்டு நம்பி வாங்கின இன்னொருத்தன்தான் குறைச்சுப் போவான். அவனுக்கும் ஒரு கொப்பி வாங்கிக் குடுக்க வேணும்" என்றார். லீசிங் முடிய அவருக்கு இன்னும் ஏழு தவணைகள் இருக்கின்றன.